விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு குரோம் நகர மறுக்கிறது (கடைக் கணினி, கடலூர்)

மஞ்சைநகர் | திங்கள், காலை 10.12

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பஸ் டிக்கெட், பான் கார்டு என்று எல்லாம் செய்து தரும் சிறு கடை என்னுடையது. இருப்பது ஒரே மேசைக் கணினி: இன்டெல் ஐ3 8100, 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க். 2018-இல் வாங்கியது.

விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. ஊராருடைய ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் தட்டச்சு செய்கிற கணினியை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை. தீபாவளிக்குக் கடையை மூடியிருந்தபோது விண்டோஸ் 11 ஏற்றினேன். தடங்கல் இல்லாமல் ஏறியது. கோப்புகள் இருக்கின்றன, பிரிண்டர் ஓடுகிறது. குரோம்தான் படுத்துவிட்டது. திறந்தால் வெள்ளைச் சட்டகம் மட்டும் வந்து நிற்கிறது. நாலைந்து டேப் திறந்ததும் மவுஸ்கூட இழுத்து இழுத்துப் போகிறது. வரிசையில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் திரையைப் பார்க்கிறேன். குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பலன் இல்லை. என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டைவாசி | திங்கள், காலை 10.25

ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள் அண்ணா. பழையதன்மேல் புதியதை ஏற்றினால் இப்படித்தான். இல்லாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுங்கள், 4 ஜி.பி.யில் பறக்கும்.

பண்ருட்டி முந்திரி | திங்கள், காலை 10.31

முதலில் இணைய இணைப்பைப் பாருங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. எங்கள் தெருவில் நான்கு தூறல் விழுந்தாலே கேபிள் இணைப்பு தள்ளாடும். தளங்களின் பெயரை எண் முகவரியாக்கித் தரும் டி.என்.எஸ். முகவரியை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

நெய்வேலி ஓய்வு | திங்கள், முற்பகல் 11.20

கடைக்காரரே, எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். முதலில் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். குரோமைத் திறக்கும்போது சி.பி.யு., மெமரி, டிஸ்க் மூன்றும் எவ்வளவு சதவீதம் காட்டுகின்றன என்று எழுதுங்கள்.

தாமதம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. குரோம் சின்னத்தைச் சொடுக்கியதிலிருந்து வெற்று டேப் வருவதற்கே நேரம் பிடித்தால் இணையத்துக்கு அதில் வேலையே இல்லை, டிஸ்க்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெற்று டேப் உடனே வந்து, முகவரி கொடுத்த பிறகு பக்கம் வராமல் நின்றால் அப்போது இணைப்பைப் பாருங்கள். அதே வைஃபையில் உங்கள் கைபேசியில் அதே தளத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். பக்கம் வந்துவிட்டது, ஆனால் மேலும் கீழும் நகர்த்தும்போது திக்குகிறது, வீடியோ வெட்டி வெட்டி ஓடுகிறது என்றால் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்காட்சிச் சில்லை இயக்கும் மென்பொருள். முதல் இரண்டு டேப் நன்றாக ஓடி, ஆறாவது ஏழாவதில் கணினி முழுவதும் உறைந்தால் ரேம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதலாவதும் கடைசியும் சேர்ந்தே இருக்கின்றன என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல எண்கள் வேண்டும்.

மஞ்சைநகர் | திங்கள், பகல் 1.40

நன்றி ஐயா. கைபேசியில் எல்லாத் தளமும் வேகமாக வருகின்றன. கணினியில் குரோமைத் திறக்கும்போது சி.பி.யு. 20-லிருந்து 30 சதவீதம்தான். மெமரி 91. டிஸ்க் 100-இலேயே நிற்கிறது. குரோமை மூடினாலும் டிஸ்க் எண் இறங்க நேரமாகிறது.

பண்ருட்டி முந்திரி | திங்கள், பகல் 1.52

அப்படியானால் இணைப்பு இல்லை. நான் விலகிக்கொள்கிறேன்.

நெய்வேலி ஓய்வு | திங்கள், பிற்பகல் 3.05

சரி, இப்போது கணக்குப் போடலாம். உங்கள் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் படிக்கும் ஊசியின் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். ஊசி உரிய தடத்துக்கு நகர இன்னும் ஏறத்தாழ 8 மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது நொடிக்கு எண்பது தடவைக்கு மேல் அந்த டிஸ்க்கால் எட்டிப் பிடிக்க முடியாது. குரோம் திறக்கும்போது தொடுவது நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள்: சேமித்த பக்கங்கள், குக்கி, வரலாறு, எக்ஸ்டென்ஷன் எனப்படும் கூடுதல் நிரல்கள். சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இதே எட்டிப்பிடித்தல் ஒவ்வொன்றும் 0.1 மில்லிநொடிதான்.

அடுத்தது ரேம். ரேம் கடை மேசை, டிஸ்க் பின்னறை அலமாரி. மேசை நிறைந்துவிட்டால் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றைப் பரப்ப முடியும். விண்டோஸ் இதைப் பேஜ் ஃபைல் என்ற கோப்பில் செய்கிறது, அது இருப்பதும் அதே மெதுவான டிஸ்க்கில். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜி.பி.தான். அந்த அளவில் கணினி உயிரோடு இருக்கும், வேலை செய்யும் என்று பொருளில்லை. போதாததற்குக் குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயலாக்கமாக ஓட்டும். 2018-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து மேசைக் கணினிகளில் பாதுகாப்புக்காக இந்த ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ரேமைத் தின்னும்.

இன்னொன்று: மேம்படுத்திய முதல் சில நாள்கள் விண்டோஸ் பின்னணியில் கோப்புகளையெல்லாம் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும், அதன் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் ஒருமுறை முழுதாகத் துழாவும். கணினியை ஓர் இரவு அணைக்காமல் விட்டால் அந்த வேலை தீர்ந்துவிடும். காலையில் டிஸ்க் எண் என்ன என்று சொல்லுங்கள். ஸ்லீப் நிலைக்குப் போகாதபடி அமைப்பை மாற்றிவிட்டு விடுங்கள்.

லாஸ்பேட்டைவாசி | திங்கள், மாலை 4.10

இவ்வளவு கணக்கு எதற்கு? ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, ஒரே சொடுக்கு.

முத்தியால்பேட்டை ஸ்பேனர் | திங்கள், மாலை 4.32

தம்பி, அந்த ஒரே சொடுக்கினால் கெட்ட கணினிகள்தான் என் கடைக்குச் சோறு போடுகின்றன. தாராளமாகப் பரிந்துரை செய்யுங்கள்.

வில்லியனூர் டீச்சர் | திங்கள், இரவு 8.15

டிஸ்க், ரேம் பற்றிப் பெரியவர்கள் சொல்லட்டும். கடைக் கணினி என்பதால் ஒன்று கேட்கிறேன். வாடிக்கையாளர்களே உட்கார்ந்து பயன்படுத்துவது உண்டா? எங்கள் பள்ளிக் கணினியில் குரோம் இப்படித் திணறியபோது எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தால், பி.டி.எஃப். மாற்றித் தருகிறேன், கூப்பன் தேடித் தருகிறேன் என்று யார் யாரோ நிறுவிவிட்டுப் போன சாமான்கள் வரிசையாக இருந்தன. கூகுள் கணக்கில் ஒத்திசைவு இயங்கினால், குரோமை நீக்கி நிறுவினாலும் அவை எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்துவிடும்.

சோதிப்பது எளிது. வரலாறு பதியாத இன்காக்னிடோ சாளரத்தைத் திறந்து அதே தளத்துக்குப் போங்கள். நாமாக அனுமதி தராவிட்டால் அங்கே எக்ஸ்டென்ஷன் எதுவும் இயங்காது. அங்கே வேகமாக இருந்தால் திருடன் பிடிபட்டான். குரோமுக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது, ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று வரிசையாகக் காட்டும். நான் ஃபயர்பாக்ஸ்காரி. அதிலும் இதே வசதி உண்டு.

அமைப்புகளில் அறிவிப்பு அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலையும் பாருங்கள். கண்ணில் படும் ‘அனுமதி’ பொத்தானையெல்லாம் அழுத்துகிற பழக்கம் நம் மக்களுக்கு இருக்கிறது.

மஞ்சைநகர் | செவ்வாய், காலை 9.50

இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டேன். காலையில் குரோம் திறக்காமலே டிஸ்க் 100-லிருந்து இறங்கி, 40-க்கும் 60-க்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. குரோமைத் திறந்தால் மறுபடி 100.

டீச்சரம்மா சொன்னதையும் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பதினொன்று இருந்தன. எனக்குத் தெரிந்தது இரண்டு. மற்றவற்றை நீக்கிவிட்டேன். அறிவிப்பு அனுமதிப் பட்டியலில் வேலைவாய்ப்புத் தளம், ராசிபலன், கிரிக்கெட், படிக்கவே கூசும் இரண்டு பெயர்கள். எல்லாவற்றையும் தடுத்தாகிவிட்டது. மெமரி 91-லிருந்து 83-க்கு வந்தது. இன்காக்னிடோவிலும் தொடக்கம் மெதுவாகத்தான் இருக்கிறது.

முத்தியால்பேட்டை ஸ்பேனர் | செவ்வாய், காலை 10.30

குரோம் திறக்காமல், அட்டவணை வேலை முடிந்த பிறகும் டிஸ்க் 40, 60 என்றால் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கேள்வி: 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்ததே, அப்போது கடைக்குள் தண்ணீர் வந்ததா? கணினிப் பெட்டி தரையில் இருந்ததா? மின்சாரம் திடீர் திடீரென்று போய் வந்ததா?

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். வேறு தளங்களில் அதனோடு குப்பையும் சேர்ந்து வரும். திறந்தால் டிஸ்க்கின் உடல்நிலை நீலத்திலோ மஞ்சளிலோ சிவப்பிலோ இருக்கும். 05, சி5, சி6, சி7 ஆகிய நான்கு வரிகளின் கடைசி எண்ணை எழுதுங்கள். அந்த எண் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) இருக்கும், பெரிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

மஞ்சைநகர் | செவ்வாய், பகல் 12.15

தண்ணீர் கடைப் படி வரைதான் வந்தது, பெட்டி மேசைமேல் இருந்தது. மின்சாரம் மட்டும் பலமுறை போய் வந்தது. யு.பி.எஸ். பேட்டரி அப்போதே செத்துவிட்டது, நேரடியாகத்தான் இணைத்திருக்கிறேன்.

மஞ்சள் நிறம், ‘கவனம்’ என்று காட்டுகிறது. 05-இல் 1சி. சி5-இல் 30. சி6-இல் 30. சி7-இல் சுழியம்.

முத்தியால்பேட்டை ஸ்பேனர் | செவ்வாய், பகல் 12.40

அகப்பட்டது. பதினாறடிமானத்தில் 1சி என்றால் 28, 30 என்றால் 48. செக்டர் என்பது டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு கட்டம். இருபத்தெட்டு செக்டர்களை டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு, மாற்று இடம் கொடுத்துவிட்டது. இன்னும் நாற்பத்தெட்டு செக்டர்களைப் படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு செக்டரைத் தொட்டதும் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். மேசைக் கணினி டிஸ்க்குகள் சில சமயம் பல நொடிகள் அதிலேயே நின்றுவிடும். அந்த நொடிகளில்தான் உங்கள் மவுஸ் இழுக்கிறது. சி7 சுழியம் என்பதால் கேபிள்மேல் குற்றமில்லை.

முதல் வேலை: கணினியில் உள்ள முக்கியமான கோப்புகளை இன்றே, இப்போதே வேறு டிஸ்க்கில் படியெடுங்கள். குரோம் எக்கேடும் கெடட்டும்.

லாஸ்பேட்டைவாசி | செவ்வாய், பகல் 12.58

விண்டோஸ் 10 இருந்தவரை நன்றாகத்தானே ஓடியது? அந்த டிஸ்க் மேம்படுத்திய அன்றைக்குத்தான் கெட்டதா? நம்ப முடியவில்லை.

நெய்வேலி ஓய்வு | செவ்வாய், பிற்பகல் 2.30

நல்ல கேள்வி தம்பி, இதற்கு விடை இருக்கிறது. மேம்படுத்தும்போது பழைய விண்டோஸ் அழிவதில்லை. விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையில் அதே இடத்தில் கிடக்கிறது. திரும்பிப் போக வேண்டுமானால் பத்து நாள் அவகாசம் தருவது அதை வைத்துத்தான். புதிய விண்டோஸின் கோப்புகள் டிஸ்க்கில் காலியாக இருந்த வேறு இடங்களில் எழுதப்படுகின்றன. 1 டி.பி. டிஸ்க்கில் ஏழு ஆண்டுகளாக எழுத்தே விழாத பரப்பு நிறைய இருந்திருக்கும். தேய்ந்த செக்டர்கள் அங்கே இருந்தால் பழைய விண்டோஸ் அவற்றைத் தொட்டிருக்கவே தேவையில்லை. இப்போது தினமும் படிக்க வேண்டிய கோப்புகளே அங்கே உட்கார்ந்துவிட்டன. தட்டின் உள்வட்டத்தில் படிக்கும் வேகமும் வெளிவட்டத்தைப் போலப் பாதிதான் இருக்கும்.

கடைக்காரரின் குரோமுக்கு மூன்று நோய்கள்: கெட்டுவரும் டிஸ்க், போதாத ரேம், வேண்டாத எக்ஸ்டென்ஷன். மூன்றும் பழையவை. விண்டோஸ் 10-லேயே இருந்தவை.

லாஸ்பேட்டைவாசி | செவ்வாய், பிற்பகல் 2.41

அப்படியானால் பத்து நாளுக்குள் விண்டோஸ் 10-க்கே திரும்பலாமே? பழைய நல்ல இடங்களில்தானே அது கிடக்கிறது? வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் புதுப்பிப்பும் கிடைக்கிறது.

முத்தியால்பேட்டை ஸ்பேனர் | செவ்வாய், பிற்பகல் 3.15

திரும்புவது என்றால் ஆயிரக்கணக்கான கோப்புகளை இடம் மாற்றுவது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதைச் செய்யச் சொல்கிறீர்களா? பாதி வழியில் நின்றால் 10-உம் இல்லை, 11-உம் இல்லை.

லினக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடிக்கும், வீட்டில் அதுதான். இவருடைய கடையில் கைரேகைக் கருவியும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் ஸ்கேனரும் இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் டிரைவர் தேடி அலைவதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பாகூர் ஏரி | செவ்வாய், மாலை 5.20

எல்லாருக்கும் வணக்கம். எனக்கும் இதே தொல்லை, மடிக்கணினியில். எஸ்.எஸ்.டி.தான், 8 ஜி.பி. ரேம். குரோம் உடனே திறக்கிறது. யூடியூப் மட்டும் வெட்டி வெட்டி ஓடுகிறது, சி.பி.யு. 90-ஐத் தாண்டுகிறது. பக்கத்தை நகர்த்தினாலும் திக்குகிறது. பிரான்சில் இருக்கும் மாமா கொடுத்தனுப்பிய கணினி, விசைப்பலகையே வேறு வரிசை. அது காரணமாக இருக்குமா?

வில்லியனூர் டீச்சர் | செவ்வாய், மாலை 5.45

தனி இழையாகத் தொடங்கியிருக்கலாம், பரவாயில்லை. விசைப்பலகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று இருக்கும், என் வீட்டிலும் இருக்கிறது.

நெய்வேலி ஓய்வு | செவ்வாய், மாலை 6.10

பாகூர் தம்பி, டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர் என்ற வரியை விரியுங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் உங்கள் கிராபிக்ஸ் சில்லுக்குரிய டிரைவர் இல்லாமல் பொது டிரைவரில் ஓடுகிறது என்று பொருள். அதில் வன்பொருள் முடுக்கம் கிடையாது. வீடியோவை விரிக்கும் வேலை முழுவதும் சி.பி.யு. தலையில் விழும். விண்டோஸ் அப்டேட்டின் விருப்பப் புதுப்பிப்புகள் பகுதியில் டிரைவர் காத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்குங்கள். பிறகு குரோம் அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதியில் வன்பொருள் முடுக்கம் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பேட்டரியில் ஓடும்போது மட்டும் திக்குகிறதா? பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கினால் குரோம் தானாகவே ஆற்றல் சேமிப்புக்குப் போய்விடும், அசைவுகள் குறைந்துவிடும். அது நோயில்லை.

பாகூர் ஏரி | செவ்வாய், இரவு 9.05

பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்தான் இருந்தது ஐயா. விருப்பப் புதுப்பிப்பில் டிரைவர் இருந்தது, நிறுவிவிட்டேன். யூடியூப் சரியாக ஓடுகிறது, சி.பி.யு. 15. மிக்க நன்றி.

மஞ்சைநகர் | புதன், காலை 10.05

படியெடுத்துவிட்டேன். சில ஸ்கேன் கோப்புகள் படிக்க முடியாமல் விடுபட்டன, அவை பழைய விண்ணப்பங்கள்தான். எஸ்.எஸ்.டி. வாங்கப் போகிறேன். 256 ஜி.பி. போதுமா? இருப்பதை அப்படியே குளோன் செய்வதா, புதிதாக நிறுவுவதா? விண்டோஸுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்குமா?

முத்தியால்பேட்டை ஸ்பேனர் | புதன், காலை 10.50

256 போதும். குளோன் வேண்டாம். படிக்க முடியாத செக்டர் உள்ள டிஸ்க்கைக் குளோன் செய்தால் பாதியில் நிற்கும், அல்லது ஓட்டைகளோடு ஒரு விண்டோஸ் வந்து சேரும். லாஸ்பேட்டைத் தம்பி முதலில் சொன்ன புதிய நிறுவல்தான் இப்போது சரி, ஆனால் புதிய டிஸ்க்கில். 8 ஜி.பி. பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் கருவியால் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் உரிமம் தாய்ப்பலகையோடு இணைந்திருக்கிறது. அதே பதிப்பை நிறுவினால் இணையத்தோடு சேர்ந்ததும் தானாகச் செயல்பாட்டுக்கு வரும், பணம் கட்ட வேண்டியதில்லை.

நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் கணினியை எழுப்பும் பூட் பகுதி பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்வது உண்டு. பிறகு அதைக் கழற்றினால் கணினி எழுந்திருக்காது.

ரேம்: டி.டி.ஆர்.4, மேசைக் கணினிக்கான நீளக் குச்சி, 4 ஜி.பி. இன்னொன்று. ரேம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். பெட்டியைத் திறக்கும்போது பழைய ரேமையும் கழற்றி அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். கடற்காற்று படும் ஊரில் அங்கேதான் களிம்பு பிடிக்கும். சி.பி.யு. விசிறியில் தூசி அடைத்திருக்கும், அதையும் ஊதிவிடுங்கள். யு.பி.எஸ். பேட்டரியை மாற்றாமல் புதிய டிஸ்க்கை மாட்டாதீர்கள்.

மஞ்சைநகர் | வெள்ளி, மாலை 6.30

எல்லாம் மாட்டியாகிவிட்டது. விண்டோஸ் தானாகவே செயல்பாட்டுக்கு வந்துவிட்டது, ஸ்பேனர் சார் சொன்னபடியே. கைரேகைக் கருவிக்கு மட்டும் டிரைவரை மறுபடி இறக்க வேண்டியிருந்தது. குரோம் சொடுக்கிய உடனே திறக்கிறது. பத்து டேப் திறந்து பார்த்தேன், மெமரி 70-ஐத் தாண்டவில்லை. டிஸ்க் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது.

வில்லியனூர் டீச்சர் | வெள்ளி, இரவு 7.10

மகிழ்ச்சி. இனி வாடிக்கையாளர் உட்கார்ந்தால் குரோமின் விருந்தினர் சாளரத்தைத் திறந்து கொடுங்கள். அதில் எக்ஸ்டென்ஷன் நிறுவ முடியாது, மூடியதும் உள்நுழைவும் வரலாறும் போய்விடும். கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்கும் வசதியையும் உங்கள் சொந்தக் கணக்கில் அணைத்துவிடுங்கள். இறக்கிய கோப்புகள் மட்டும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் தங்கிவிடும். கடை மூடும்போது அதைக் காலி செய்யுங்கள், பாதி ஊரின் ஆதார் நகல் அங்கேதான் கிடக்கும்.

மஞ்சைநகர் | வெள்ளி, இரவு 7.25

செய்கிறேன் டீச்சரம்மா. பழைய 1 டி.பி. டிஸ்க்கை எடைக்கு வாங்கிக்கொள்வதாகக் காயலான் கடைக்காரர் கேட்கிறார். ஃபார்மட் செய்துவிட்டுக் கொடுக்கலாமா?

முத்தியால்பேட்டை ஸ்பேனர் | வெள்ளி, இரவு 8.00

கொடுக்காதீர்கள். சாதாரண விரைவு ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கும், கோப்புகள் அப்படியே இருக்கும். டிஸ்க் முழுவதும் சுழியம் எழுதினாலும், கைவிடப்பட்ட அந்த இருபத்தெட்டு செக்டர்களை அது தொடாது. பெட்டியைத் திறந்து தட்டையே துளைத்துவிடுங்கள். மேசைக் கணினி டிஸ்க்கில் பெரும்பாலும் அலுமினியத் தட்டு, மூன்று நான்கு துளை போதும். மடிக்கணினி டிஸ்க் என்றால் கண்ணாடித் தட்டாக இருக்கலாம், சிதறும், கண்ணுக்குக் காப்பு அணிய வேண்டும். துளைத்த பிறகு எடைக்குப் போடுங்கள், எடை குறையாது.

மஞ்சைநகர் | வெள்ளி, இரவு 8.12

எதிர்க்கடைத் தச்சரிடம் துளை போடும் கருவி இருக்கிறது. நாளைக் காலை அவர் கடை திறந்ததும் வேலையை முடித்துவிடுகிறேன். இழையைத் ‘தீர்ந்தது’ என்று குறித்துவிட்டேன்.